ஐந்தாம் வசனமும் அதன் அயல்வீடுகளும்

கேள்வி:

ஐயா, எனக்கு 37 வயது. தருமபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆறு வருடமாக முகமாலையில் மிதிவெடி எடுக்கிற வேலைக்குப் போகிறேன். கணவருக்கு முதுகில் காயம், பாரவேலை செய்ய ஏலாது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. வேலைக்குக் களிசானும் முழுக்கைச் சேட்டும்தான் உடுப்பு. வெள்ளிக்கிழமைகளில் வேலை வான் ஜெபவீட்டு ஒழுங்கையடியில் என்னை இறக்கிவிடும். வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்ற நேரம் காணாது. அப்படியே போய்ப் பின்வரிசையில் இருப்பேன். பழைய போதகர் ஒன்றும் சொன்னதில்லை. புதிதாக வந்தவர் போன மாதம் உபாகமம் 22:5ஐ வாசித்து, ஆண் உடுப்புப் போடுகிற பெண் கர்த்தருக்கு அருவருப்பு என்று என்னைப் பார்த்தே பிரசங்கித்தார். களிசானை விடும்வரை திருவிருந்தில் பங்கில்லை என்றும் சொல்லிவிட்டார். அதே வசனத்தைச் சொல்லி, எங்கள் ஊரில் பெண்ணாக வாழ்கிற ஒரு திருநங்கைப் பிள்ளையையும் வாசலில் மறித்து அனுப்பினார்கள்.

2007 இல் என்னைப் பலவந்தமாகப் போருக்குக் கூட்டிக்கொண்டு போனபோதும் களிசான்தான் தந்தார்கள். நான் கேட்டுப் போடவில்லை. அப்போதும் அருவருப்பு, இப்போதும் அருவருப்பு என்றால் நான் எப்போதுதான் கர்த்தருக்கு ஏற்றவளாக இருந்தேன்? 13 வயது மகள் டெனிம் கேட்கிறாள். வாங்கிக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுத வேண்டும் போல இருக்கிறது. போன கிழமை எங்கள் வேலைப் பாதையில் ஆட்காட்டிக் குருவி ஒன்று முட்டையிட்டிருந்தது. அதைச் சுற்றிக் கட்டை அடித்துவிட்டு அடுத்த பாதையில் வேலை செய்கிறோம்.

ஒரு சகோதரி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

அன்பான பிள்ளை,

இல்லை. நீங்கள் கர்த்தருக்கு அருவருப்பானவர் அல்ல. 2007 இலும் அல்ல, இன்றும் அல்ல. இந்த ஒரு வரிக்காக நீங்கள் பதிலின் கடைசிவரை காத்திருக்கக் கூடாது என்பதால் அதை முதலில் எழுதுகிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இனி ஆறுதலாகப் பார்ப்போம். நான் முப்பது வருடமாகப் பழைய ஏற்பாடு படிப்பிக்கிறவன். அதில் பாதிக்காலம் வன்னிச் சபைகளில் போதகராக இருந்தவன். வேதத்தைத் தள்ளி வைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல வருகிறேன்.

எங்கள் தமிழ் வேதாகமத்தில் அந்த வசனம் இப்படித் தொடங்குகிறது: "புருஷரின் உடைகளை ஸ்திரீகள் தரிக்கலாகாது, ஸ்திரீகளின் உடைகளைப் புருஷர் தரிக்கலாகாது." இரண்டு இடத்திலும் "உடைகள்" என்ற ஒரே சொல். எபிரேய மூலத்தில் இரண்டு வேறு சொற்கள் இருக்கின்றன. பெண்ணுடையதைச் சொல்லும் இடத்தில் "சிம்லா" என்று இருக்கிறது. அது போர்த்தும் ஆடை, அதில் குழப்பமில்லை. ஆணுடையதைச் சொல்லும் இடத்தில் இருப்பது "கெலி".

இந்தக் "கெலி"க்குத் தமிழில் ஒரு நல்ல ஈடு இருக்கிறது: கலம். உண்கலம் என்றால் பாத்திரம். அணிகலம் என்றால் நகை. மரக்கலம் என்றால் கப்பல். படைக்கலம் என்றால் ஆயுதம். "கெலி"யும் இப்படித்தான் பாத்திரமாகவும் கருவியாகவும் நகையாகவும் ஆயுதமாகவும் இடத்துக்கேற்ப மாறும். ஆதியாகமம் 27:3 இல் ஈசாக்கு தன் மகன் ஏசாவிடம் உன் ஆயுதங்களை, அம்பறாத்தூணியையும் வில்லையும் எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போ என்கிறார். அங்கே "ஆயுதங்கள்" என்று வருவது இதே சொல். சவுல் ராஜாவின் ஆயுததாரி, எபிரேயத்தில் "கெலி" சுமக்கிறவன். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண் என்பதற்குச் சாதாரணமாக வழங்கும் சொல்லை விட்டுவிட்டு "கெவெர்" என்ற சொல்லை அந்த வசனம் எடுக்கிறது. பலம் என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. போர்வீரனைக் குறிக்கும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆகவே எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் வசனத்தின் முதற்பாதி "ஆண்மகனின் கலம் பெண்மேல் இருக்கலாகாது" என்றாகும். களிசான் அங்கே இல்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. மோசேயின் ஐந்து நூல்களை அரமேய மொழியில் பெயர்த்த ஓன்கெலோசின் தர்கூம், இந்த இடத்தில் ஆயுதம் என்றே பெயர்க்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத போதகர் எலியேசர் பென் யாக்கோபு, பெண் படைக்கலம் தரித்துப் போருக்குப் போகக் கூடாது என்பதற்கு இந்த வசனத்தையே ஆதாரமாகக் காட்டினார். பதினோராம் நூற்றாண்டில் யூத உரையாசிரியர் ராஷி வேறு விதமாக வாசித்தார். ஆண் பெண் போலவும் பெண் ஆண் போலவும் வேடமிட்டு மற்றப் பாலாரின் கூட்டத்துக்குள் நுழைந்து விபசாரம் செய்வதைத்தான் இது தடுக்கிறது என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ், அயலவர்களின் விக்கிரக வழிபாட்டில் ஆண்கள் பெண்களின் சாய ஆடையோடு வெள்ளிக் கிரகத்தின் முன்னும், பெண்கள் கவசம் பூண்டு செவ்வாயின் முன்னும் நின்றார்கள், அந்தச் சடங்குக்கு எதிரான கட்டளை இது என்றார்.

கிறிஸ்தவர்களில் பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாரும் அந்த விக்கிரகக் காரணத்தைச் சொல்கிறார். அவர் உடுப்பு விடயத்தில் கண்டிப்பானவர். ஆனாலும் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்: எதிரிகளிடமிருந்து ஒளிந்துகொள்ள, அல்லது வேறு உடுப்பு இல்லாமற் போனால், அல்லது அதுபோன்ற தேவை வந்தால், எதிர்ப்பாலாரின் உடையை உடுத்துவது பாவமில்லை. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு 2009 செட்டிகுளம் அகதி முகாம்தான் கண்முன் வரும். லொறியில் உடுப்பு மூட்டை வரும், கைக்கு வந்ததைத்தான் கட்டினோம். எங்கள் சபையின் மூத்த அக்கா ஒருவர் ஆண்களின் சேட்டோடும் சாரத்தோடும் மூன்று மாதம் இருந்தார். அந்தக் கோலத்திலேயே மரத்தடியில் நின்று ஜெபம் நடத்தினார். அவரைப் பார்த்து ஒருவரும் உபாகமத்தைத் திறக்கவில்லை.

இந்த வசனத்தின் பொருள் எதுவென்று அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஆயுதமா, வேடமா, விக்கிரகச் சடங்கா என்ற விவாதம் தொடர்கிறது. ஆனால் நான் சொன்ன எல்லோருமே ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: இந்தக் கட்டளை எந்தத் தீங்கைத் தடுக்க வந்தது? உங்கள் போதகர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் துணியை மட்டும் பார்த்துவிட்டார்.

இனி 2007.

இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. ஏனென்றால் வசனம் ஆயுதத்தைப் பற்றியது என்று நான் சொன்னதும் உங்கள் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். "களிசான் பிழையில்லை, அப்படியென்றால் அன்று கையில் இருந்தது பிழை" என்று ஒரு குற்றத்தைத் தூக்கி வைத்துவிட்டு இன்னொன்றைத் தலையில் ஏற்றிக்கொள்வீர்கள். அதனால் அதே 22ஆம் அதிகாரத்தில் கீழே இறங்கி 25 முதல் 27 வரையான வசனங்களை வாசியுங்கள். வயல்வெளியில் ஒரு பெண்பிள்ளை பலவந்தம் செய்யப்படுகிறாள். அவள் கூப்பிட்டாள், அவளைக் காப்பாற்ற அங்கே ஒருவரும் இல்லை. நியாயப்பிரமாணம் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் செய்யக் கூடாது என்கிறது, அவள்மேல் குற்றமில்லை என்கிறது. அங்கே நடந்தது வேறு, உங்களுக்கு நேர்ந்தது வேறு. ஆனால் யூத போதகர்கள் அந்த 26ஆம் வசனத்திலிருந்துதான் ஒரு பெரிய விதியை எடுத்தார்கள்: பலவந்தப்படுத்தப்பட்டவரை இரக்கமுள்ளவர் விடுவிக்கிறார். அந்த விதி யூதச் சட்டம் முழுவதிலும் ஓடுகிறது. நீங்கள் 19 வயதில் கூப்பிட்டீர்கள், காப்பாற்ற ஒருவரும் இருக்கவில்லை. ஊரும் சபையும் அன்று வாய்மூடி நின்றன. அந்தச் சபைகளில் போதகராக நின்றவர்களில் நானும் ஒருவன். அந்த நாட்களின் கணக்கைக் கர்த்தர் கேட்டால் எங்களைப் போன்றவர்களிடம் கேட்பார். உங்களிடம் அல்ல.

வரலாற்றில் ஏறக்குறைய அதே வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பிரான்சு நாட்டின் ஜோன். ஆண் உடையில் போருக்குப் போனவள். அவள்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஆண் உடையும் ஒன்று. அதை விடுகிறேன் என்று ஒப்புக்கொண்டு, பிறகு சிறையில் திரும்பவும் அணிந்ததைக் காட்டியே அவளைத் தண்டித்தார்கள். 1431 இல் எரித்தார்கள். 1456 இல் அந்தத் தீர்ப்புச் செல்லாது என்று அறிவித்தார்கள். 1920 இல் அவளைப் புனிதை ஆக்கினார்கள். திருச்சபை தன் பிழையை ஒத்துக்கொள்ள 25 வருடம் எடுத்தது, அவளோ திரும்பி வரவில்லை. உடுப்பை வைத்து ஒரு ஆத்துமாவுக்குத் தீர்ப்பு எழுதுகிற எவரும் அந்த 25 வருடத்தை நினைக்க வேண்டும்.

களிசானுக்கு வருவோம். மோசேயின் காலத்து இஸ்ரவேல் ஆண்கள் களிசான் போட்டவர்கள் அல்ல. ஆணும் பெண்ணும் நீண்ட அங்கியும் மேலே ஒரு போர்வையும்தான். கரை, நிறம், கட்டும் விதம் இவற்றில்தான் வித்தியாசம் இருந்திருக்கும். யாத்திராகமம் 28:42 இல் இடுப்புமுதல் முழங்கால்மட்டும் மூடும் "சல்லடம்" வருகிறது. அதுவும் பலிபீடத்தண்டை போகிற ஆசாரியர்களுக்கு, மானத்தை மூட. எங்கள் பக்கத்திலும் பூட்டன்மார் வேட்டி கட்டியவர்கள். "களிசான்" என்ற சொல்லே போர்த்துக்கேயரோடு கப்பலில் வந்தது. அதனால் இஸ்ரவேலின் ஆண் உடுப்பும் அது அல்ல, எங்கள் பாட்டன் பூட்டனின் ஆண் உடுப்பும் அது அல்ல. இன்று ஜெபவீட்டில் பாதிப் பெண்பிள்ளைகள் பஞ்சாபி போட்டுக்கொண்டு இருப்பார்கள். அந்தப் பஞ்சாபியின் கீழ்ப்பாதி என்ன? இரண்டு காலுள்ள களிசான்தானே. அதைப் பெண் உடுப்பு என்று நாங்கள் ஏற்றுக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

அதைவிட, வயலைப் பாருங்கள். கண்டாவளையிலோ முத்தையன்கட்டிலோ களை பிடுங்கப் போகிற பெண்களில் எத்தனைபேர் புருஷனின் பழைய முழுக்கைச் சேட்டைப் பாவாடைக்கு மேல் போட்டுக்கொண்டு போகிறார்கள்? வெயிலுக்கும் நெல்லுச் சுணைக்கும் அது காவல். ஆண் உடையைப் பெண் தரிக்கலாகாது என்பதைத் துணிக் கணக்காக எடுத்தால் வன்னியில் ஒரு வயலும் களை எடுபடாது. ஒரு போதகரும் வரம்பில் நின்று அவர்களைக் கண்டித்ததை நான் காணவில்லை. கண்டிக்கத் தோன்றாதது ஏனென்றால், அந்தச் சேட்டு எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

ஆண்கள் பக்கமும் அப்படித்தான். நான் முல்லைத்தீவில் வளர்ந்தவன். எங்கள் வீடு மெதடிஸ்த வீடு. ஆனாலும் கோவலன் கூத்துக் காலத்தில் கண்ணகியாக ஆடுகிற அயல்வீட்டு மாமாவுக்கு எங்கள் அம்மம்மாவின் கூறைச்சேலைதான் போகும். விடிய விடிய அவர் அழுது பாடுவார், பெண்கள் பாயில் இருந்து கூடவே அழுவார்கள். காலையில் சேலை துவைத்து மடித்து வீட்டுக்கு வரும். அதை யாரும் பெண்வேடப் பாவம் என்று சொன்னதை நான் கேட்கவில்லை. அம்மம்மா தினமும் வேதம் வாசித்தவர்.

இப்போது ஐந்தாம் வசனத்தின் அயல்வீடுகளைப் பாருங்கள். நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: ஒரு வசனத்தைப் பற்றித் தெரியவேண்டுமென்றால் அதன் அயலட்டையை விசாரியுங்கள். 1 முதல் 4 வரை, வழிதவறிய மாட்டைக் கண்டால் காணாததுபோலப் போகாதே, உரியவனிடம் கொண்டுபோய் விடு என்கிறது. 8ஆம் வசனம், புதுவீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஒருவன் விழுந்து இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வராதிருக்கட்டும் என்கிறது. 9, இருவகை விதையைத் திராட்சத்தோட்டத்தில் கலக்காதே. 10, எருதையும் கழுதையையும் ஒன்றாகப் பிணைத்து உழாதே. 11, ஆட்டுமயிரும் சணல்நூலும் கலந்து நெய்ததை உடுத்தாதே.

இதில் 11ஆம் வசனமும் உடுப்புச் சட்டம்தான். ஐந்தைப் பிரசங்கித்த போதகர் பதினொன்றை வைத்து யாருடைய சேட்டின் நூலையும் சோதித்ததில்லை. அவரைக் குற்றம் சொல்வதற்கு இதை எழுதவில்லை. எல்லா வசனத்தையும் ஒரே மாதிரி நாங்கள் கைக்கொள்வதில்லை, தெரிந்தெடுக்கிறோம். அதை ஒத்துக்கொண்டு, எந்த நியாயத்தில் தெரிந்தெடுக்கிறோம் என்று கேட்டாக வேண்டும்.

8ஆம் வசனத்தில் சற்று நில்லுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு ஓடும் தகரமும் கிடுகும்தான் கூரை. மாடியில் படுக்கிற பழக்கம் இல்லை. அப்படியென்றால் இந்த வசனம் எங்களுக்குச் செத்துப்போன எழுத்தா? மீள்குடியேறிய முதல் வருடத்தில் நான் ஒரு நாலு வயதுப் பிள்ளையை அடக்கம் செய்தேன். கட்டு இடிந்துபோன கிணறு, சுற்றிப் பற்றை, தாய் விறகு பொறுக்கப் போன நேரம். அன்று அடக்க ஆராதனையில் நான் வாசித்த வசனம் உபாகமம் 22:8. அடுத்த கிழமை சபை இளைஞர்கள் சீமெந்து பிரட்டி அந்தக் குறிச்சியில் ஏழு கிணறுகளுக்குக் கட்டுக் கட்டினார்கள். மாடி கிணறாக மாறியது, கட்டளை அப்படியே உயிரோடு இருந்தது. பழைய சட்டத்தை இன்று கைக்கொள்வது என்றால் எனக்குத் தெரிந்த வழி இதுதான். அது எவருடைய உயிரைக் காத்ததோ, அப்படிப்பட்டவர் இன்று எங்கே நிற்கிறார் என்று தேடிப் போக வேண்டும்.

நீங்கள் செய்வதும் அந்த எட்டாம் வசனம்தான். முகமாலையில் வருடக்கணக்காக முன்னரங்கக் காவலரண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த நிலம் அது. அங்கே முழங்காலில் இருந்து, முகக்கவசத்துக்குள் வியர்த்துக்கொண்டு, விரல் விரலாக மண்ணைக் கிளறுகிறீர்கள். எவருடைய பிள்ளையோ ஒரு நாள் மாட்டைத் தேடி அந்த வழியால் போகும், அதன் கால் போகக் கூடாது என்பதற்காக. 2017 இல் இந்த நாடு மிதிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் சேர்ந்தது. அந்தக் கையெழுத்துக்கு நிலத்தில் உயிர் கொடுக்கிறவர்கள் உங்களைப் போன்றவர்கள். அந்த வேலைக்குப் பாவாடை ஆபத்து. நுனி எங்கே உரசும், எதில் மாட்டும் என்று தெரியாது. உங்கள் களிசான் கைப்பிடிச்சுவரின் ஒரு கல். எபிரேயச் சொல்லுக்கே போனாலும், போர்வீரனின் "கலத்தை" இன்று நீங்கள் தரிக்கவில்லை, அவன் விட்டுப்போன கலத்தை மண்ணிலிருந்து எடுக்கிறீர்கள். பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்று ஏசாயா 2:4 சொல்கிற நாளுக்கு உங்களைப் போல அருகில் நின்று வேலை செய்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

"அருவருப்பு" என்ற சொல்தான் உங்களைச் சுட்டது. அது பாரமான சொல், உண்மை. ஆனால் மூன்று அதிகாரம் தள்ளி 25:13 முதல் 16 வரை அதே சொல் திரும்பவும் வருகிறது. பையில் இரண்டுவிதப் படிக்கல் வைத்திருக்கிறவன், பெரிதால் வாங்கிச் சிறிதால் விற்கிறவன், அவனும் கர்த்தருக்கு அருவருப்பு. அறுவடைக் காலத்தில் மூட்டைக்கு மூட்டை கழிவு என்று கிலோக் கணக்கில் வெட்டிக்கொண்டு நெல் வாங்குகிறவர்கள் எங்கள் சபைகளின் முன்வரிசையிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்லத் தைரியம் வராத பிரசங்கி, பின்வரிசையில் களைத்துப்போய் இருக்கிற ஒரு பெண்ணைப் பார்த்து அதைச் சொல்லக் கூடாது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

புதிய ஏற்பாட்டிலும் உடுப்புச் சொற்கள் உண்டு. 1 தீமோத்தேயு 2:9 பெண்கள் மயிரைப் பின்னுவதாலும் பொன்னாலும் முத்தாலும் தங்களை அலங்கரிக்க வேண்டாம் என்கிறது. சில சபைகள் பொன்னைக் கழற்றிவிட்டார்கள், அந்த எளிமையை நான் மதிக்கிறேன். ஆனால் பின்னல்? எங்கள் பாடசாலைகளில் இரட்டைப் பின்னல்தான் ஒழுங்கு. பின்னாமல் போனால் வாசலில் மறிப்பார்கள். போதகர்மாரின் பிள்ளைகளும் ரிபன் கட்டிப் பின்னிக்கொண்டுதான் போகிறார்கள். அன்றைய ரோம நகரங்களில் சிக்கலான தலைப்பின்னல் பணக்காரிகளின் பகட்டு. இங்கே அது அடக்கத்தின் அடையாளம். எழுத்து ஒன்று, ஊர் மாறியதும் பொருள் தலைகீழாகிவிட்டது.

திருவிருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1 கொரிந்தியர் 11 இல் பெண்களின் முக்காட்டைப் பற்றிய பகுதி முடிந்தவுடன் பவுல் திருவிருந்துக்குத்தான் போகிறார். முக்காடு போடாதவளுக்கு அப்பம் இல்லை என்று அவர் எழுதவில்லை. முக்காட்டுப் பேச்சை "வழக்கம்" என்ற சொல்லோடு முடித்துவிடுகிறார். திருவிருந்தில் அவர் கண்டிப்பது, பசியோடு வந்த இல்லாதவர்களை வெட்கப்படுத்தியவர்களை. பிறகு, ஒவ்வொருவனும் தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கட்டும் என்கிறார். தன்னைத்தானே. வேலை வானில் வந்து இறங்கிய உடுப்போடு வந்தவளைச் சபை நடுவே வெட்கப்படுத்தியது எந்தப் பக்கத்தில் வரும் என்று உங்கள் போதகர் அந்த அதிகாரத்தை முழங்காலில் இருந்து வாசிக்க வேண்டும்.

வாசலில் மறிக்கப்பட்ட அந்தத் திருநங்கைப் பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சொந்தத் துயரத்துக்குள்ளும் இன்னொருவரை நினைத்தீர்கள், அதற்காக உங்களை மதிக்கிறேன். ராஷி வாசித்தபடி எடுத்தால் அந்த வசனம் ஏமாற்றுவதற்காகப் போடும் வேடத்தைப் பற்றியது. அந்தப் பிள்ளை எவரையும் ஏமாற்றவில்லை. தான் யார் என்று உணர்கிறதோ அப்படி, ஊர் முழுவதும் பார்க்க, அதற்குரிய அடியையும் வாங்கிக்கொண்டு வாழ்கிறது. அதை வேடம் என்று சொல்வது நேர்மையில்லை. உபாகமம் 23:1 ஐப் பாருங்கள், அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்ட ஆண்கள், கர்த்தருடைய சபைக்குள் வரலாகாது என்று கதவைச் சாத்துகிறது. ஏசாயா 56 வந்து அதே கதவைத் திறக்கிறது: அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்ல வேண்டாம், என் ஆலயத்தில் அவனுக்கு நித்திய நாமத்தைக் கொடுப்பேன் என்கிறார் கர்த்தர். அப்போஸ்தலர் 8 இல் எத்தியோப்பிய அண்ணகன் இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஏறி அருகில் இருக்கிறான். தண்ணீரைக் கண்டதும் அவர் கேட்கிறார்: நான் ஞானஸ்நானம் பெறத் தடையென்ன? உபாகமத்தில் தடை இருந்தது, பிலிப்புக்கு அது தெரிந்திருக்கும். ஆனாலும் அவன் தண்ணீரில் இறங்கினான். அண்ணகரும் திருநங்கையரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடம்பைக் காரணம் காட்டிச் சாத்திய கதவைக் கர்த்தரே திறந்த கதை இதே வேதத்தில் இருக்கும்போது, வாசலில் நின்று மறிக்கிற வேலையை நான் ஒருநாளும் செய்யமாட்டேன். அந்தப் பிள்ளையை வழியில் கண்டால் நின்று கதைத்துவிட்டுப் போங்கள்.

இனி என்ன செய்வது? வேலையை விட வேண்டாம். அதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம். போதகரிடம் தனியாகப் போகாமல் கணவரையோ சபையின் மூத்த அக்கா ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். "ஐயா, 22ஆம் அதிகாரம் முழுவதையும் எங்களோடு ஒருமுறை வாசியுங்கள்" என்று கேளுங்கள். அவர் இளம் வயதுக்காரராக இருந்தால், வன்னிக்கு வெளியே படித்து வந்தவராக இருந்தால், உங்கள் வேலை என்னவென்றே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எப்படி முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறுகிறீர்கள் என்று விளங்கப்படுத்துங்கள். மனம் மாறிய போதகர்களை நான் கண்டிருக்கிறேன். நானே ஒரு காலத்தில் தலை மூடாமல் வந்த பெண்களைக் கடிந்தவன்.

பைக்குள் ஒரு சீத்தைப் பாவாடை வைத்திருந்து ஜெபவீட்டு வாசலில் களிசானுக்கு மேல் கட்டிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். சமாதானத்துக்காக, உங்களுக்கே மனம் வந்தால், கட்டுங்கள். பிறருக்காக இறங்கிப் போவது நல்ல பழக்கம். ஆனால் அப்பத்துக்குக் கட்டணமாக அதைக் கட்ட வேண்டாம். கர்த்தருடைய பந்திக்கு அப்படி ஒரு கட்டணம் இல்லை. போதகர் கடைசிவரை இறங்கி வராவிட்டால், கிளிநொச்சியிலும் பரந்தனிலும் வேறு சபைகள் இருக்கின்றன. போவது துரோகமில்லை.

மகளுக்கு டெனிம் வாங்கிக் கொடுங்கள். அளவான ஒன்றாக, சைக்கிள் ஓடச் சுகமாக. ஆனால் கொடுக்கிற அன்று, அம்மா ஏன் களிசான் போடுகிறேன், எப்போது முதன்முதல் போட்டேன் என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். 13 வயதில் தாங்கும் அளவுக்கு மட்டும். மிச்சத்தை அவள் வளர வளரச் சொல்லலாம். பிறர் வாயால் அவள் அதைக் கேட்க வேண்டாம்.

ஆட்காட்டியைப் பற்றி எழுதியது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தீர்கள். வேதாகமத்தை எடுத்து, உங்களைக் கண்டித்த அந்த வசனத்துக்கு அடுத்த வசனத்தைப் பாருங்கள், ஆறும் ஏழும். வழியிலே, மரத்திலோ தரையிலோ, குஞ்சுகளோ முட்டைகளோ உள்ள ஒரு குருவிக்கூட்டைக் கண்டால் அவற்றோடு தாயையும் பிடிக்காதே என்று இருக்கிறது. நீங்கள் தாயையும் பிடிக்கவில்லை, முட்டையையும் தொடவில்லை, சுற்றிக் கட்டை அடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். குஞ்சு பொரித்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், பிள்ளை.